நோய் இங்கே, ஆய்வு எங்கே?

ஆரம்ப சுகாதார ஆராய்ச்சியும் திருக்கோணமலை மாவட்டமும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை அளந்து பாராத கடல் வல்லரசு எதுவுமில்லை எனலாம். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். அவ்வாண்டு ஓகஸ்டிலேயே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதனைப் பறித்துக்கொண்டார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்தன. 1957 வரை அது பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிற்று. 2022 ஜனவரியில் சீனக்குடாவை அண்டியுள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளின் எதிர்காலத்தை வகுக்கும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. துறைமுகத்தைப் பற்றிய அறிவைத் தேடுவதற்கு எக்காலத்திலும் எவரிடமிருந்தாவது பணம் கிடைத்தே வந்துள்ளது.

துறைமுகத்துக்கு வந்தோரின் நோயும் அவ்வாறே ஆராயப்பட்டது. 1782, 1783ஆம் ஆண்டுகளில் ஆங்கிலக் கடற்படையினரிடையே கண்ட நோய்களைப் பற்றிக் கடற்படை மருத்துவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ் எழுதிய நூல் 1807இல் வெளிவந்தது. இந்தியாவின் நோய்கள், ஆங்கிலக் கப்பற்படையிலே தோன்றியவாறு என்னும் பொருள்பட அமைந்த அதன் தலைப்பே அதன் எல்லையையும் கூறிவிடுகின்றது. மாலுமி நோயுற்றால் கப்பல் அசையாது. கப்பல் அசையாவிடின் பேரரசு அசையாது. ஆதலின் மாலுமியின் நோய் ஆராய்ச்சிக்குரியதாயிற்று. கரையிலே வலை இழுத்தவனும் வயலிலே இறங்கியவனும் அந்த ஆராய்ச்சியின் நோக்கெல்லைக்கு வெளியே நின்றனர்.

பேரரசு போய்விட்டது. ஆயின் யாருடைய நோய் ஆராயப்படும் என்பதைப் பணம் உள்ளவன் தீர்மானிக்கும் முறை போய்விட்டதா? இக்கட்டுரையின் வாதம் இதுவே: ஆரம்ப சுகாதாரப் பராமரிப்புக்கென இந்நாட்டுக்கு வரும் நிதியில், அப்பராமரிப்பைப் பற்றிய வினாக்களை மாவட்டத்துக்குள்ளேயே எழுப்பி, மாவட்டத்துக்குள்ளேயே விடைகாண்பதற்கு ஒரு பங்கு சட்டபூர்வமாக ஒதுக்கப்படல் வேண்டும். அது தருமமாகக் கேட்கப்படுவதன்று, உரிமையாகக் கேட்கப்படுவது. அவ்வுரிமையைக் கேட்கவேண்டியவர்களுள் முதல்வர்கள், இதுகாறும் அதனைக் கேளாதிருந்த பல்கலைக்கழகத்தினராகிய நாமே.

வைத்தியசாலையின் வாயிலுக்கு வெளியே

ஆரம்ப சுகாதார ஆராய்ச்சி என்பது யாது? நோயாளி முதன்முதலாக நாடிச் செல்லும் இடத்தில் நிகழ்வனவற்றை முறைப்படி அறிவதே அது. கிராமத்து மருந்தகம், பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு, சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை, குடும்பநல உத்தியோகத்தர் படியேறிச் செல்லும் வீடு ஆகியவை அதன் களங்கள். யார் வருகின்றனர், யார் வராது விடுகின்றனர், வந்தவர் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்கின்றனரா, கொடுத்த ஆலோசனை அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்துமா என்பன அதன் வினாக்கள். பெரிய வைத்தியசாலையின் கட்டிலருகே நின்று இவ்வினாக்களுக்கு விடை காண இயலாது.

இதனை எண்ணிக்கையால் நிறுவியவர் அமெரிக்கரான கேர் வைற். அவரும் அவருடைய சகாக்களும் 1961இல் வெளியிட்ட கட்டுரையின்படி, வளர்ந்தோர் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாத காலத்தில் 750 பேர் ஏதேனும் நோய் கண்டதாகக் கூறுவர். 250 பேர் மருத்துவரை நாடுவர். 9 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவர். ஒரேயொருவர் மாத்திரமே பல்கலைக்கழக வைத்தியசாலையைச் சென்றடைவார். மருத்துவ மாணவனோ அந்த ஒருவரைப் பார்த்தே நோயியலைக் கற்கின்றான். ஆராய்ச்சியாளனும் அந்த ஒருவரையே ஆராய்கின்றான். எஞ்சிய 999 பேரும் நூலில் இடம்பெறாதோராகின்றனர்.

அது அமெரிக்கக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இலங்கையின் 25 மாவட்டங்களிலும் வீடுவீடாகச் சென்று நடத்தப்பட்டு 2016இல் வெளியான பாம்புக்கடி ஆய்வு இதே உண்மையை நம்முடைய மண்ணில் மெய்ப்பித்தது. ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் என்றும், 400க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் அது கணித்தது. அரச வைத்தியசாலைகளின் பதிவேடுகள் காட்டிய எண்ணிக்கை அதன் பாதிக்கும் குறைவு. வைத்தியசாலைப் புள்ளிவிவரத்தை மாத்திரம் நம்பித் திட்டம் தீட்டும் அமைச்சு, கடியுண்டோரிற் பெரும்பாலாரைக் காணாமலே திட்டம் தீட்டுகின்றது என்பதே இதன் பொருள். வீட்டு வாசலுக்குச் சென்று கேட்டமையாலன்றோ அவர்கள் கணக்கில் வந்தனர்?

மேலேறும் படிவங்களும் கீழிறங்காத அறிவும்

இலங்கை இத்துறையில் வறிய மரபுடைய நாடன்று. 1926இல் றொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு, ஒரு குறித்த நிலப்பரப்பின் மக்களையும் அவர்தம் நோய்களையும் ஒருங்கே நோக்கும் முறையை ஆசியாவுக்கே அறிமுகஞ் செய்தது. 1934–35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட மலேரியாவை இந்நாடு படிப்படியாக வென்றது. நாட்டினுள் தொற்றிய இறுதி நோயாளர் 2012இல் பதிவாயினர். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஆயின் அவ்வெற்றியின் நடுவே ஒரு பாடமும் உண்டு. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். நோய் ஒழிந்தது என்ற மிதப்பில் விழிப்புத் தளர்ந்தது. அதே தசாப்தம் முடியுமுன்னரே நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றிக்கொண்டது. களத்தில் இருந்துகொண்டே கேள்வி கேட்பதை நிறுத்தியவர்கள் கொடுத்த விலை அது.

இன்று திருக்கோணமலை மாவட்டத்தின் நிலை யாது? 11 பிரதேச செயலாளர் பிரிவுகள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள். அவர்களுள் முஸ்லிம்கள் ஐந்தில் இரு பங்கினர். தமிழர் பத்தில் மூன்று பங்கினர். எஞ்சியோரிற் பெரும்பாலார் சிங்களவர். நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை. கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள். புல்மோட்டை முதல் ஈச்சிலம்பற்று வரை சிதறிக்கிடக்கும் சிறிய வைத்தியசாலைகளும் சிகிச்சை நிலையங்களும். கட்டடங்கள் இல்லாமலில்லை. உழைப்போரும் இல்லாமலில்லை.

எழுதப்படும் பதிவுகளுக்கும் குறைவில்லை. அறிவிக்கவேண்டிய நோய் எனச் சந்தேகிக்கும் மருத்துவர் எச் 544 என்னும் படிவத்தை நிரப்புகின்றார். பொதுச் சுகாதார பரிசோதகர் நோயாளியின் வீட்டைத் தேடிச் சென்று விசாரிக்கின்றார். சுகாதார வைத்திய அதிகாரி வாராந்த அறிக்கையைக் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு அனுப்புகின்றார். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாயின் எடையையும், குழந்தையின் வளர்ச்சியையும் மாதந்தோறும் குறித்து வைக்கின்றார். இத்துணை நுண்ணிய பதிவு பல செல்வந்த நாடுகளிலும் இல்லை எனத் துணிந்து கூறலாம்.

ஆயின் அவை யாவும் மேலே ஏறுகின்றன. ஏறியவை ஒன்றுசேர்ந்து, தேசிய வாராந்தத் தொற்றுநோய் அறிக்கையில் திருக்கோணமலை என்ற பெயருக்கு எதிரே ஒரு வரியாகச் சுருங்குகின்றன. அவ்வரியிலே வெருகலுக்கும் நகரத்துக்கும் வேறுபாடில்லை. மீனவனுக்கும் விவசாயிக்கும் வேறுபாடில்லை. கொழும்புக்கு அவ்வரி போதுமானது. தன்னுடைய பிரிவில் ஏன் இவ்வாறு நிகழ்கின்றது என்று கேட்கும் கள உத்தியோகத்தருக்கு அது போதுமா? பதிவு செய்தவருக்கே அப்பதிவின் பொருள் திரும்பி வராவிடின், அவர் அறிவாக்கத்தின் பங்காளர் ஆகார். தரவு சுமக்கும் கூலியாளரே ஆவார்.

2017ஆம் ஆண்டினை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு நாடெங்கும் 1,86,101 டெங்கு நோயாளர் பதிவாயினர். அதுவரை இலங்கை கண்டிராத எண்ணிக்கை அது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களிலேயே, மார்ச் அளவில், மிகக் கொடிய தாக்கத்துக்குள்ளான இடங்களுள் ஒன்று கிண்ணியா. உயிர்கள் பறிபோயின. நுளம்பைக் கொல்லப் புகையும் வந்தது. துப்புரவுப் படையும் வந்தது. அவை வேண்டியவையே. ஆனால், கிண்ணியாவில் நீரை எவ்வாறு சேமித்து வைக்கின்றனர், காய்ச்சல் கண்டு எத்தனையாவது நாளில் வைத்தியசாலையை நாடுகின்றனர், முதலில் எந்த மருந்துக்கடைக்கு அல்லது எந்தத் தனியார் மருத்துவரிடம் செல்கின்றனர், அங்கே என்ன கூறப்படுகின்றது என்ற வினாக்களை மறு ஆண்டும் அதற்கு மறு ஆண்டும் கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டிய கடமை எவருடையது? பெருந்தொற்றுக் காலத்தில் எழும் வினா, தொற்றுத் தணிந்ததும் பணத்தோடு சேர்ந்து அவிந்துவிடுமாயின், அடுத்த தொற்றின்போது நாம் மீண்டும் முதலெழுத்திலிருந்தே தொடங்கவேண்டியவராவோம்.

சிறுநீரக நோயின் கதை இன்னொரு வகையில் இதனையே உணர்த்துகின்றது. 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டிவரும், காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் தேசிய விஞ்ஞான மன்றத்தின் துணையுடன் பேராய்வொன்றை நடத்தின. அதன் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. ஏழை உழவனின் நோய்க்கும் உள்நாட்டுப் பணம் ஒதுக்கப்படலாம் என்பதற்கு அது நற்சான்று. ஆயினும் அதன் மக்கட்டொகைக் கணிப்பு அநுராதபுரம், பொலனறுவை, பதுளை ஆகிய மாவட்டங்களிலே நிகழ்ந்தது. பதவியாக் குடியேற்றத் திட்டத்தின் வயல்களோ மாவட்ட எல்லையைக் கடந்து, திருக்கோணமலையின் பதவிசிறிபுர வரை நீள்கின்றன. அந்நோயும் அங்கு உண்டு. எல்லைக்கோடு நிர்வாகத்துக்குத் தெரியும், நோய்க்குத் தெரியாது. பதவிசிறிபுரவின் சிங்கள உழவனும் கிண்ணியாவின் முஸ்லிம் மீனவனும் வெருகலின் தமிழ்த் தாயும் இவ்விடயத்தில் ஒரே நிலையிலேயே உள்ளனர். ஆராய்ச்சியின் விளிம்பில் நிற்போர் என்பதே அந்நிலை.

பணம் வரும் வழி

ஆரம்ப சுகாதாரத்துக்குப் பணமே வருவதில்லை எனக் கூறுதல் உண்மையன்று. 2018இல் உலக வங்கி, இலங்கையின் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு முறைமையை வலுப்படுத்துவதற்கென 20 கோடி அமெரிக்க டொலர் கடனை அங்கீகரித்தது. அதே ஆண்டில் ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஆரம்ப சுகாதாரத்தை மேம்படுத்த மற்றொரு திட்டத்துக்கு நிதி வழங்கியது. அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டவை மத்திய, வடமத்திய, சப்பிரகமுவ, ஊவா ஆகிய நான்கு மாகாணங்கள். கிழக்கு அவற்றுள் இல்லை.

உலக வங்கியின் கடன் பெரும்பாலும் குறிகாட்டிகள் எட்டப்படும் அளவுக்கு விடுவிக்கப்படும் வகையினது. எத்தனை பேர் பதியப்பட்டனர், 35 வயதைக் கடந்தோருள் எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டனர் போன்ற எண்ணிக்கைகளே அங்கு அளவுகோல். எண்ணுதல் தீதன்று. ஆனால் எண்ணுதல் வேறு, ஆராய்தல் வேறு. 2011 முதல் இயங்கிவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்கு ஆண்கள் மிகக் குறைவாகவே வருகின்றனர் என்பது ஏலவே அறியப்பட்ட உண்மை. அந்நிலையங்கள் பெரும்பாலும் வார நாட்களின் காலை வேளையிலே திறந்திருக்கின்றன. கொட்டியாரக் குடாவில் இரவெல்லாம் வலைபோட்டுவிட்டு விடியலில் கரைசேரும் மீனவன், மீனை விற்றுவிட்டு உறங்கும் நேரம் அது. அவனுக்கு ஏற்ற நேரம் எது, ஏற்ற இடம் இறங்குதுறையா பள்ளிவாசல் முற்றமா கூட்டுறவுச் சங்கமா என்பதைக் கண்டறிய ஒரு சிறிய ஆய்வு போதும். அதற்குச் செலவாகும் பணம் ஒரு வாகனத்தின் விலையினும் குறைவாயிருக்கும். ஆயின் வாகனத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பு உண்டு. வினாவுக்குத் தலைப்பு இல்லை.

ஆராய்ச்சிக்கென இந்நாடு தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் செலவிடுவது ஏறத்தாழ நூற்றுக்கு 0.1 மாத்திரமே. உலகளாவிய நிலையும் இதனோடொத்ததே. அபிவிருத்திக்கான சுகாதார ஆராய்ச்சி பற்றிய ஆணைக்குழு 1990இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தடுக்கக்கூடிய மரணச் சுமையின் நூற்றுக்கு 93 பங்கைத் தாங்கும் வளர்முக நாடுகளின் பிரச்சினைகளுக்கு உலகச் சுகாதார ஆராய்ச்சி நிதியில் நூற்றுக்கு 5 பங்கே சென்றது. வேல்ஸ் நாட்டுக் கிராம மருத்துவர் யூலியன் ரியூடர் ஹார்ட் 1971இல் எதிர்மாறுப் பராமரிப்பு விதி என ஒன்றைக் கூறினார்: நல்ல மருத்துவம் அதன் தேவை மிகுந்த இடத்திலேயே குறைவாகக் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஆராய்ச்சிக்கும் அவ்விதி பொருந்தும். நோய் எங்கு மிகுதியோ அங்கு ஆய்வு குறைவு. பல்கலைக்கழக மருத்துவபீடம் எங்குண்டோ அங்கேயே பணம் பாய்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத்துறை மட்டக்களப்பில் உள்ளது. திருக்கோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. மேலைத்தேய மருத்துவபீடம் இம்மாவட்டத்தில் இல்லை.

வெளிநாட்டுக் கொடையை நம்பியிருப்போம் என்போர் அண்மைச் செய்திகளை மனங்கொள்ளல் வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது. அவ்வாண்டு யூலை முதலாம் திகதியுடன் அந்நாட்டின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் தன் உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. 2025 பெப்ரவரியில் பிரித்தானியா, தன் தேசிய வருமானத்தில் உதவிக்கென ஒதுக்கும் பங்கை 0.5 வீதத்திலிருந்து 2027 அளவில் 0.3 வீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. பிரித்தானிய உதவிப் பணத்தில் இயங்கும் ஆராய்ச்சி நிதியங்களும் அந்த ஊற்றையே நம்பியுள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, அத்தகைய நிதியொன்றின் துணையுடன் வடமாகாணத்தில் இருதயத் துடிப்பு ஒழுங்கின்மை பற்றி ஆராய்ந்தது போற்றற்குரியது. அத்தகைய வாய்ப்புகளை நாடத்தான் வேண்டும். ஆனால் பிறர் கிணற்றில் நீர் வற்றும்போது நம் வயலும் வாடும் என்ற நிலையில் அறிவுத்துறையை வைத்திருத்தல் அறிவுடைமையாகாது.

மூன்று மறுப்புகளும் அவற்றுக்கு விடைகளும்

முதலாவது மறுப்பு: மருந்தே இல்லாத வேளையில் ஆராய்ச்சி எதற்கு? 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட மக்களிடம் இவ்வாதம் எளிதில் எடுபடும். ஆயின் வறிய நாட்டுக்கே ஆராய்ச்சி இன்றியமையாதது. ஏனெனில் தவறான வழியில் செலவிட அதனிடம் பணமில்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ நிலையத்தின் ஆய்வை நினைவுகூர்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன அதில் இணைந்தன. காசநோயாளரைச் சானற்றோரியத்தில் மாதக்கணக்கில் கிடத்தியே குணப்படுத்தலாம் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னைச் சேரிகளின் நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்தவாறே மருந்துண்ட நோயாளர், சானற்றோரியத்தில் வைக்கப்பட்டோருக்கு ஒப்பாகக் குணமடைந்தனர் என்றும், அதனால் அவர்தம் குடும்பத்தினருக்குத் தொற்று மிகவில்லை என்றும் 1959இல் வெளியான முடிவு காட்டிற்று. கட்டவேண்டியிருந்த எத்தனை கட்டடங்களை அந்த ஓர் ஆய்வு தேவையற்றவையாக்கியது!

ஆராயாமற் செய்த நன்மை நன்மைதானா என்பதும் ஐயத்துக்குரியது. விவசாயியின் வீட்டில் பூச்சிநாசினியைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தால் தற்கொலை குறையும் என்பது எவருக்கும் நியாயமாகவே தோன்றும். அயலிலுள்ள அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளில் அதனைச் சோதித்தனர். பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடாத கிராமங்களுக்கும் நஞ்சருந்தலில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என 2017இல் முடிவு வெளிவந்தது. அவ்வாய்வு நிகழ்ந்திராவிடின், நல்லெண்ணத்தின் பெயரால் நாடெங்கும் பெட்டிகளை விநியோகித்துக்கொண்டிருப்போம்.

இரண்டாவது மறுப்பு: ஆராய்ச்சி நிபுணருக்குரியது, கிராம மருத்துவருக்கும் மருத்துவிச்சிக்கும் அது கைகூடாது. வரலாறு இதனை மறுக்கின்றது. இங்கிலாந்தின் யோக்சயர்ப் பள்ளத்தாக்கு ஒன்றில் சாதாரணக் கிராம மருத்துவராயிருந்த வில்லியம் பிக்கிள்ஸ், தம் ஊர்களில் யார் யாரிடமிருந்து, எந்த நாளில் தொற்றுப் பெற்றனர் என்பதைக் குறித்து வைத்து 1939இல் ஒரு நூலை வெளியிட்டார். தொற்றுநோய்களின் நோயரும்பு காலத்தை அறிய மாநகர நிபுணரும் அந்நூலை நாடினர். ரியூடர் ஹார்ட் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்து மக்களின் குருதியமுக்கத்தை, வந்தோர் வராதோர் அனைவரையும் தேடி அளந்தார். மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் ஆகியோர் கிராமத்துப் பெண்களைப் பயிற்றி, பிறந்த சிசுக்களை வீட்டிலேயே பராமரிக்கச் செய்தனர். ஒப்பீட்டுக் கிராமங்களோடு நோக்குமிடத்துப் புதிதாய்ப் பிறந்த சிசுக்களின் மரணம் நூற்றுக்கு 62 அளவில் குறைந்ததை 1999இல் உலகுக்கு அறிவித்தனர். அப்பெண்களைவிட நம் குடும்பநல உத்தியோகத்தர் கல்வியிலும் பயிற்சியிலும் குறைந்தவரல்லர். அவருக்கு இல்லாதது திறமையன்று. நேரமும், புள்ளிவிவரம் அறிந்த துணைவர் ஒருவரும், வினா எழுப்பும் உரிமையுமே.

மூன்றாவது மறுப்பு: ஆராய்ச்சி என்ற பெயரில் மக்களைத் துன்புறுத்துவோர் பலர். இம்மறுப்பில் உண்மை உண்டு. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் பாதிக்கப்பட்ட கரையோரங்களை நாடி வினாக்கொத்துகளுடன் ஆராய்ச்சியாளர் பலர் வந்தனர். அதன் அறப்பிரச்சினைகளை அத்துல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இலேயே லான்செற் சஞ்சிகையில் எடுத்துரைத்தனர். துயருற்றவனிடம் கேட்டுப் பெற்றதை எடுத்துச் சென்று, அவனுக்கு ஒன்றும் திருப்பிக் கொடாதிருத்தல் ஒருவகைச் சுரண்டலே. ஆயின் இதிலிருந்து பெறப்படுவது ஆராய்ச்சி வேண்டாம் என்பதா? அன்று. வந்துபோகும் ஆராய்ச்சி வேண்டாம், இருந்து செய்யும் ஆராய்ச்சி வேண்டும் என்பதே. அண்டை வீட்டான்போல ஆண்டுதோறும் முகங்காட்டவேண்டியவன் பொய் சொல்ல அஞ்சுவான். விமானத்தில் திரும்பிச் செல்பவனுக்கு அவ்வச்சம் இல்லை.

பல்கலைக்கழகத்தின் பங்கு

பிறரைக் குறைகூறுமுன் நம் வீட்டையும் நோக்குதல் முறை. விரிவுரையாளரின் பதவியுயர்வுக்குப் பெறுமதி மிக்கது எது? சர்வதேசச் சஞ்சிகையில் ஆங்கிலத்தில் வெளியாகும் கட்டுரை. மூதூரின் தாய்மாரிடம் பெற்ற தகவலை, மூதூரின் தாய்மாருக்கு விளங்கும் தமிழில் எழுதி அவர்களிடம் ஒப்படைத்தால் அதற்கு என்ன மதிப்பு? ஏறத்தாழ ஒன்றுமில்லை. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பட்டங்களுக்கெனச் சமுதாய மருத்துவத்தில் எழுதப்படும் ஆய்வேடுகளில் களப்பணியின் அருமையான பயன்கள் உள்ளன. அவை நூலகத்து அலுமாரியைச் சென்றடைவதோடு தம் பயணத்தை முடித்துக்கொள்கின்றன. ஆய்வுக்குள்ளான கிராமத்துக்கு அவற்றின் ஒரு பக்கச் சுருக்கமேனும் சென்றதா என்று எந்தப் பரீட்சகரும் கேட்பதில்லை.

தமிழ் மொழியில் மருத்துவம் எழுதுதல் இயலாதென்பது சோம்பலின் வாதம். மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அம்மரபில் வந்தோம் எனப் பெருமை பேசும் நாம், டெங்கு பற்றிய ஆய்வு முடிவொன்றைக் கிண்ணியாவின் வாசகசாலையில் தமிழில் தொங்கவிடத் தயங்குவது எவ்வளவு முரண்!

1978 செப்டெம்பரில் அல்மா ஆற்றாவில் கூடிய நாடுகள், தம் சுகாதாரப் பராமரிப்பைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் எனப் பிரகடனஞ் செய்தன. 2018இல் அஸ்தானாவில் அவ்வுறுதி புதுப்பிக்கப்பட்டது. திட்டமிடுவதில் பங்குண்டெனின், திட்டத்துக்கு அடிப்படையான அறிவை ஆக்குவதிலும் பங்கு இருத்தல் வேண்டுமன்றோ?

வேண்டுவன

முதலாவதாக, ஆரம்ப சுகாதாரத்துக்கென அரசு பெறும் ஒவ்வொரு கடனிலும் கொடையிலும் நூற்றுக்கு ஒரு பங்கு, மாவட்ட மட்ட ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்படல் வேண்டும். 2018ஆம் ஆண்டுக் கடனில் நூற்றுக்கு ஒன்று 20 இலட்சம் டொலர். 25 மாவட்டங்களுக்கும் சமமாகப் பிரித்தாலும் ஒவ்வொன்றுக்கும் 80,000 டொலர் கிடைத்திருக்கும். கட்டடத்துக்கு அது சிறுதொகை, வினாவுக்குப் பெருந்தொகை.

இரண்டாவதாக, தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் தேசிய விஞ்ஞான மன்றமும் கள உத்தியோகத்தருக்கெனச் சிறு மானியங்களைத் தனியாக வகுத்தல் வேண்டும். விண்ணப்பம் தமிழிலும் சிங்களத்திலும் ஏற்கப்படல் வேண்டும். நீண்ட வெளியீட்டுப் பட்டியல் உடையவனோடு வெருகலின் பொதுச் சுகாதார பரிசோதகரைப் போட்டியிடச் செய்தல் நீதியாகாது.

மூன்றாவதாக, மட்டக்களப்பிலுள்ள மருத்துவத்துறையும் திருக்கோணமலை வளாகமும் இணைந்து, இம்மாவட்டத்தின் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவைத் தம் நிலையான கள ஆய்வு நிலையமாக ஏற்றல் வேண்டும். மக்களில் ஒரு சாரார் முதலில் நாடுவது சித்த மருத்துவரையே என்பதால், சித்த மருத்துவ மாணவரும் அதிற் பங்குகொள்ளல் தகும். கையிலுள்ள மாணவ ஆய்வுத் திட்டங்களைச் சிதறவிடாது, ஓர் இடத்தில் ஆண்டுதோறும் தொடர்ந்து குவித்தால் அதற்குப் புதுப்பணம் அதிகம் வேண்டியதில்லை.

நான்காவதாக, முடிவு எதுவாயினும் அது தகவல் தந்த மக்களிடம் அவர்தம் மொழியில் ஓராண்டுக்குள் திரும்பிச் செல்லல் வேண்டும். அவ்வாறு திருப்பிக் கொடுத்தமை பதவியுயர்வுப் புள்ளிகளில் கணக்கிடப்படல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் புரட்சியன்று. ஆயினும் இவற்றைக் கேட்பதற்கு ஒரு துணிவு வேண்டும். ஏனெனில் வினாவை யார் எழுப்புவது என்பது இறுதியில் அதிகாரம் யாரிடம் என்ற வினாவே. நிதி அறிவிப்பு வெளியானதும் அதற்கேற்ற வினாவைத் தேடுவது இன்று நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வினாவை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குரிய நிதியை உரிமையோடு கேட்கும் தலைமுறை இப்பல்கலைக்கழகங்களிலிருந்து எழுதல் வேண்டும். மாணவர் மன்றங்களும் ஆசிரியர் சங்கங்களும் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னரே இக்கோரிக்கைகளை எழுத்தில் முன்வைக்கட்டும். கிண்ணியாவில் அடுத்த மழைக்காலம் நம் தீர்மானத்துக்காகக் காத்திராது.